கல்லாவில் இருப்பவரும் களத்தில் இறங்கலாம்



வரி, உரிமம், எடையளவுச் சட்டம், பருப்பு வரத்து என்று இந்த இதழில் நாம் எழுதியவை உறுப்பினர்களுக்கு நினைவிருக்கலாம். இம்முறை சரக்கைப் பற்றி அல்ல. சரக்கை விற்கிற உடம்பைப் பற்றி. சென்ற பொதுக்குழுவில் நமக்குக் கிடைத்த ஒரு பதக்கத்தைப் பற்றிச் செயலாளர் மேடையிலேயே சொல்லிவிட்டார். சிரித்தவர்கள் பலர். கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, "நிஜமாகவே குண்டு எறிகிறீர்களா அண்ணாச்சி? எந்த வயதில் ஆரம்பித்தீர்கள்?" என்று விசாரித்தவர்கள் ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேருக்காகவே இக்கட்டுரை.

முதலில் நமக்கு நேர்ந்த ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறோம். 2017 சித்திரை முதல் நாள். வழக்கம்போலக் கடையில் புதுக்கணக்குப் பூஜை. பாய் விரித்து, மஞ்சள் தடவிய பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதி, முதல் வரவும் எழுதியாயிற்று. எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வலியா என்றால் இல்லை. காலில் பலம் இல்லை, அவ்வளவுதான். எதைப் பிடித்து எழுவது என்று தெரியாமல் தவித்தபோது கடைப்பையன் ஒருவனும் லோடுமேன் ஒருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள், உறவினர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நமக்கு வயது 58. இதே கையால் 1975ல் மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டியில் குண்டு எறிந்து இரண்டாம் பரிசு வாங்கியவர்கள் நாம். அந்தச் சான்றிதழ் கண்ணாடி உடைந்த சட்டத்தோடு மாடியில் எங்கோ கிடந்தது.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. நமது பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த நண்பர், நம்மைவிட ஐந்து வயது மூத்தவர், கிட்டங்கியில் எண்ணெய் சிந்திய இடத்தில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் படுக்கையில் கிடந்த மாதங்களில் காலில் இருந்த கொஞ்சநஞ்சச் சதையும் கரைந்துபோயிற்று. அதன்பின் அவர் கடைக்கு வரவே இல்லை. பிள்ளைகள் வெளியூரில். 40 வருடம் நடந்த கடையில் இன்று செல்போன் விற்கிறார்கள்.

ஓட்டுநரும் நடத்துநரும்

காலையிலிருந்து இரவு வரை கடையில் உழைக்கிறோமே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று கேட்காத வணிகர் இல்லை. நாமும் கேட்டவர்கள்தான். உழைப்பது உண்மை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்தபின் உழைப்பது கணக்குப் பார்க்கிற மூளையும் பேரம் பேசுகிற வாயும்தான். ஏணியில் ஏறி டின் இறக்குகிறவன் பையன். மூட்டை தூக்குகிறவர் லோடுமேன்.

இந்த வித்தியாசத்தை லண்டனில் ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், அந்நகரின் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953ல் ஆய்வு முடிவை வெளியிட்டார். ஒரே நிர்வாகம், ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகமாக வந்தது. நமது கடைகளில் ஓட்டுநர் யார், நடத்துநர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

சதையின் கதை இன்னும் முக்கியமானது. நடுவயதிலிருந்தே தசை சிறுகச் சிறுகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்தத் தேய்மானம் வேகம் பிடிக்கிறது. தராசில் தெரியாது. ஏனென்றால் குறைந்த தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எடை அப்படியே இருக்கும். இருப்பு சரியாக இருக்கிறது, ஆனால் மூட்டைக்குள் துவரைக்குப் பதில் உமி என்றால் எப்படியோ அப்படி. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். அதுதான் கிட்டங்கி. கிட்டங்கி சுருங்கிவிட்டால் வந்த லாரிகள் தெருவில் நிற்கும். நம்மில் பலருக்குச் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இனிப்பு மட்டும் காரணம் அல்ல. இறக்கி வைக்க இடம் இல்லாததும் காரணம்.

போன தசை வயதான பின் திரும்புமா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. 1990ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே வாரம். தொடையின் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. தொண்ணூறு வயதில் அது முடியுமென்றால் 58ல் நமக்கென்ன கேடு?

தேதி போடாத புரோநோட்டு

படித்து அறிந்தது இவ்வளவும் பின்னால். 2017ல் நமக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் சொன்ன 'வாக்கிங்' ஒன்றுதான். சர்க்கரை இருக்கிறது, தினம் முக்கால் மணி நேரம் நடங்கள் என்றார். நடந்தோம். பத்து நாள் ஒழுங்காக. பிறகு மழை என்று ஒரு நாள், கல்யாணம் என்று இரண்டு நாள், லாரி வருகிறது என்று நான்கு நாள். நடந்த நாட்களிலும் முடிவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வடை. இப்படி ஒரே வருடத்தில் மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் விட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் நம்மோடு பள்ளியில் படித்து உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் கடைக்கு வந்தார். நமது வயிற்றைப் பார்த்தார், கல்லாப்பெட்டியைப் பார்த்தார். "ஏப்பா, இங்கே குண்டு எறிகிறவன் ஒருத்தன் இருந்தானே, அவன் எங்கே போனான்?" என்றார். டாக்டர் வாக்கிங் போகச் சொல்கிறார், முடியவில்லை என்று சொன்னோம். அவர் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை. "நீ நோயாளியாக நடக்கிறாய். நோயாளிக்கு மருந்து கசக்கத்தான் செய்யும். விளையாட்டுக்காரனாக நட. போட்டிக்குப் பெயர் கொடு, தேதியைக் காலண்டரில் குறி."

வணிகர்களுக்கு இது விளங்காததல்ல. 'எப்போதாவது தருகிறேன்' என்ற பாக்கி வசூலாகுமா? கெடுத் தேதி போட்ட செக் என்றால் கடன்காரர் எப்படியாவது புரட்டி வைக்கிறாரல்லவா? நமது நடை தேதி போடாத புரோநோட்டாக இருந்தது. போட்டி என்று ஒன்று வந்ததும், "இன்று போகலாமா வேண்டாமா" என்ற கேள்வி போய், "இன்னும் ஆறு வாரம்தானே இருக்கிறது" என்ற கவலை வந்தது. வடை தானாகக் குறைந்தது. இரவு பதினொரு மணி வரை டெலிவிஷன் பார்ப்பதும் நின்றது. யாரும் சொல்லவில்லை. விளையாட்டுக்காரன் அப்படித்தான் இருப்பான் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறார்கள். 60 வயதுக்காரர் 60 முதல் 64 வரை உள்ளவர்களோடுதான் மோதுவார். முதல் உலகப் போட்டி 1975ல் கனடாவின் டொரன்டோவில் நடந்தது. மாவட்ட, மாநிலப் போட்டிகள் நம் பக்கமும் உண்டு. 2025 நவம்பரில் ஆசியப் போட்டியே சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது. இதில் நமக்குப் பிடித்தது எடைக் கணக்கு. ஆண்களுக்கான குண்டு 50 முதல் 59 வயது வரை 6 கிலோ. 60 ஆனதும் 5 கிலோ. 70 ஆனால் 4 கிலோ, 80க்கு மேல் 3 கிலோ. அறுபது பிறந்தால் வீட்டில் மணிவிழாப் பேச்சு. திடலில் நாமோ ஒரு கிலோ குறைந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். புதிய பிரிவுக்குப் போகும்போது அங்கே நாம்தான் இளையவர் என்பது கூடுதல் லாபம்.

பட்ட நஷ்டம்

எல்லாம் நேராகப் போகவில்லை. 2018ல் முதல் போட்டி. நண்பர் குண்டு எறிதலுக்கு மட்டும் பெயர் கொடுக்கச் சொன்னார். நாம் ஆசைப்பட்டு 100 மீட்டர் ஓட்டத்துக்கும் கொடுத்தோம். பதினாறு வயதில் ஓடிய நினைப்பு. நெஞ்சில் எண் எழுதிய துணியைக் குத்தியதும் அந்த நினைப்பு இன்னும் ஏறிவிட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பாய்ந்து, பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், பின்தொடையில் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. தசை கிழிந்துவிட்டது. இரண்டு மாதம் கைத்தடியோடு கடைக்கு வந்தோம்.

வீட்டில், "பேரன் பேத்தி எடுத்த காலத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடவேண்டுமா? ஏங்க, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பஜாரில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியது. அகோலாவிலிருந்து நமக்குத் துவரை அனுப்புகிற ஆலைக்காரர் நேரே கேட்காமல் தரகர் மூலம் கேட்டனுப்பினார்: "பெரியவர் காலையில் கடைக்கு வருவதில்லையாமே, விளையாடப் போகிறாராமே, எல்லாம் சரியாக இருக்கிறதா?" இதன் பொருள் உங்களுக்குத் தெரியும். 30 நாள் கடன் 15 நாளாகப் போகிறது என்று பொருள். அந்த மாதம் நிலுவை முழுவதையும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பாகவே கட்டினோம். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

குற்றம் ஆசையில் இல்லை, அவசரத்தில் இருந்தது. 40 வருடம் உட்கார்ந்த தசையை ஒரே நாளில் பாயச் சொன்னால் கிழியத்தான் செய்யும். உள்ளம் நடந்ததை மறந்துவிடும், தசை மறக்காது. அதன்பின் நண்பர் சொன்ன வழிக்கு வந்தோம்.

அவர் முதலில் வைத்தது ஒரு சோதனை. கைப்பிடியைத் தொடாமல், இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சாதாரண நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரவேண்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் காலில் பலம் போதவில்லை என்று கணக்கு. இதை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு 21 விநாடி ஆயிற்று. இதழைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் கல்லா நாற்காலியிலேயே செய்து பார்க்கலாம்; சுழல் நாற்காலி வேண்டாம்.

பயிற்சிக்குத் தனிச் செலவு இல்லை. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம். நாற்காலியில் எழுந்து உட்காருதல் பத்து முறை. கடைப்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குதல். சுவரில் கையூன்றித் தண்டால். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்றல். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி அடி மேல் அடி வைத்து நடத்தல். இது விழாமல் இருப்பதற்கு. பிறகு எடை. மின்னணுத் தராசு வந்தபின் மூலையில் கிடக்கும் பழைய 5 கிலோ படிக்கல்லை எடுத்தோம். நமது வயதுக்கான குண்டும் அதே 5 கிலோ! முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி அதைத் தூக்கித் தோள் வரை கொண்டுவருதல். (தூக்குவதோடு சரி, எறிந்து பழகாதீர்கள். தரையும் போகும், கல்லும் தேயும். முத்திரை உள்ள கல்லானால் ஆய்வாளருக்குப் பதில் சொல்ல முடியாது.) பத்து முறை செய்ததில் கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் எடை சரி. சிரமமே இல்லையென்றால் கூட்டவேண்டும். தசை வளர்வது பயிற்சியின்போது அல்ல, மறுநாள் ஓய்வில். ஆகவேதான் ஒருநாள் விட்டு ஒருநாள்.

மற்ற நாட்களில் வேக நடை. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட அறிவுரைப்படி வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். தசைப் பயிற்சி இரண்டு நாளாவது. 65 கடந்தவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாளாவது. 150 நிமிடத்தை ஒரே மூச்சில் நடக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. மொத்த வியாபாரிகளான நமக்குக் காலை 9 மணி வரை நேரம் உண்டு. காலை 6 மணிக்கே பால் பாக்கெட் விற்க உட்காரும் சில்லறை மளிகைக்காரருக்கு அது இல்லை என்பது தெரியும். அவர் மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம், இரவு கடை கட்டியதும் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் நடக்கிற நடை சர்க்கரைக்கு நல்லது. பில் போடும்போது நின்றுகொண்டே போட்டால் யார் தடுக்கிறார்கள்?

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தசைக்குப் புரதம் வேண்டும். நமது சரக்கை நாமே புகழ்வதாக எண்ணவேண்டாம். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, மொச்சை, பயறு, முட்டை, மீனைக் கூட்டுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டபின்.

டாக்டரைப் பற்றிச் சொன்னதும் எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். ஆரம்பிக்கும் முன் இரத்த அழுத்தம், இதயம், சர்க்கரை பார்த்துக்கொள்ளாமல் இறங்கக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியில் சர்க்கரை திடீரென இறங்கலாம். பையில் நான்கு வெல்லக்கட்டி இருக்கட்டும். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடப்பது வேண்டாம். இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுப்பது அவசியம். எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் அழுத்தம் ஏறும், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பதக்கம் அடுத்த வருடமும் கொடுப்பார்கள்.

இவர்களும் இருந்தார்கள்

பள்ளியில் விளையாடியவர்களுக்கு இது சரி, விளையாடாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்காக இருவரைச் சொல்கிறோம். இருவருமே பஞ்சாபியர்.

மான் கௌர் என்ற அம்மையார் 1916ல் பிறந்தவர். ஓடத் தொடங்கியது 93 வயதில்! தடகள வீரரான மகன்தான் தாயைத் திடலுக்கு அழைத்துப் போனார். 2017ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டில், 101 வயதில், 100 மீட்டரை 74 விநாடியில் ஓடி முடித்தார். அந்த வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தான். அதனால் என்ன? ஓடி முடிக்கவேண்டுமே! 2021ல் காலமானார்.

ஃபௌஜா சிங் விவசாயி. பஞ்சாபில் மகனை விபத்தில் பறிகொடுத்தவர், இங்கிலாந்தில் இன்னொரு மகனிடம் இருந்தபடி அந்தத் துக்கத்தை ஆற்ற ஓடத் தொடங்கினார். 2000ல் லண்டன் மாரத்தானை முடித்தபோது வயது 89. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011ல் டொரன்டோவில் 100 வயதில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்கவில்லை. பில் இல்லாத சரக்கை யாரும் வரவு வைப்பதில்லையே. 2025 ஜூலையில் சொந்த ஊருக்கருகே சாலையில் நடந்தபோது வாகனம் மோதி இறந்தார். கடைசி நாள் வரை நடக்கிற மனிதராகவே இருந்தார்.

நமது கணக்கு இவ்வளவு பெரிதல்ல. 2019ல் 5 கிலோக் குண்டை 6 மீட்டர் 40 சென்டிமீட்டர் எறிந்தோம், கடைசிக்கு முந்தைய இடம். ஊரடங்குக் காலத்தில் கடைப் பின்கட்டில் விடாமல் பயிற்சி செய்தோம். 2022 சித்திரைப் புதுக்கணக்கன்று பாயிலிருந்து கையூன்றாமல் எழுந்தோம். தூக்கிவிடத் தயாராகப் பக்கத்தில் வந்து நின்ற பையன் திகைத்துப்போனான். செயலாளர் மேடையில் சொன்ன பதக்கம் மாவட்டத்தில் மூன்றாம் இடம், 8 மீட்டர் 12. கலந்துகொண்டவர்கள் நால்வர் என்பதை அவர் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை. இரண்டு வேளை ஒரு வேளையானது, அதுவும் டாக்டர் சோதித்துப் பார்த்துக் குறைத்ததுதான். முழங்கால் மழைக்காலத்தில் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பேத்தி பள்ளிக்கூடத்தில் "எங்க தாத்தா பிளேயர்" என்று சொல்லியிருக்கிறாள். பருப்பு மண்டி என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அரசு உயர்நிலைப் பள்ளித் திடலில் இருப்போம். ஆசிரியர் நண்பரும் இருப்பார். விருப்பமுள்ளவர்கள் துணி ஷூ ஒன்றும் டாக்டரின் சம்மதமும் கொண்டுவந்தால் போதும். அரைக்கால் சட்டை கட்டாயம் இல்லை, வேட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நமக்கு இப்போது 66. 2029ல் 70 பிரிவுக்குப் போகிறோம். அதற்கான 4 கிலோக் குண்டு ஒன்றை மகன் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது.